சாத்தன்: ஓர் ஆண்பாற் பெயரின் வழக்கும் வழக்கொழிவும்

1. முன்னுரை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை உரையுடன் பயிலத் தொடங்கும் மாணவன் சில பக்கங்களுக்குள்ளாகவே சாத்தன் என்பவனைச் சந்தித்துவிடுகின்றான். வருபவனும் அவன், போகின்றவனும் அவன், உண்பவனும் உறங்குபவனும் அவனே. அவனுக்குத் துணையாகக் கொற்றன் ஒருவனும் உண்டு. எழுவாய்க்கு எடுத்துக்காட்டு வேண்டுமிடத்தெல்லாம் இளம்பூரணர் முதலிய உரையாசிரியர்கள் இவ்விருவரையுமே அழைத்துக்கொண்டனர். வடமொழி இலக்கண நூல்களில் தேவதத்தனும் யக்ஞதத்தனும், அரபு இலக்கண நூல்களில் சைதும் அம்ரும் பெற்றுள்ள இடத்தைத் தமிழில் பெற்றவர்கள் இவர்கள்.

இலக்கண எடுத்துக்காட்டுக்கு உரிய பெயர், யாருடைய பெயராகவும் இருக்கத்தக்க பொதுமையுடையதாக இருத்தல் வேண்டும். கேட்டவுடன் குறிப்பிட்ட ஒரு மனிதனை நினைவூட்டும் பெயர் எடுத்துக்காட்டுக்கு உதவாது. எனவே, சாத்தன் என்னும் பெயர் ஒரு காலத்தில் தமிழரிடையே மிகப் பெருவழக்காக இருந்தமைக்கு உரையாசிரியர்களின் இத்தேர்வே ஒரு சான்றாகும். அத்தகைய பெயர் இன்று பள்ளி வருகைப் பதிவேட்டில் காண்பதற்கு அரியதாகிவிட்டது.

பழம்பெயர் வழக்கொழிதல் புதுமையன்று. ஆயின், இருபதாம் நூற்றாண்டில் தமிழர் தம் பழம்பெயர்களைத் தேடி எடுத்து மக்களுக்குச் சூட்டினர். இளங்கோ, கபிலன், நக்கீரன், பாரி, அதியமான், செங்குட்டுவன் ஆகிய பெயர்கள் இவ்வாறு மறுவாழ்வு பெற்றன. மணிமேகலை என்னும் காப்பியத் தலைவியின் பெயர் எண்ணற்ற பெண்களுக்கு இடப்பெற்றது. அக்காப்பியத்தை இயற்றிய சாத்தனாரின் பெயருக்கோ அவ்வாழ்வு வாய்க்கவில்லை. சிலப்பதிகாரப் பதிகம் இளங்கோவையும் சாத்தனையும் ஓரிடத்தில் இருந்து உரையாடும் புலவர்களாகக் காட்டுகின்றது. அவ்விருவருள் ஒருவர் பெயர் மீண்டது. மற்றவர் பெயர் மீளவில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு பெயர் வழக்குக் குறைவதற்கான காரணமும், குறைந்த பெயர் மீளாமைக்கான காரணமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை என்பது இங்கு நிறுவப்பெறும் கருத்தாகும்.

2. பெருவழக்கிற்கான சான்றுகள்

2.1. சங்க இலக்கியம்

சங்கப் புலவர் வரிசையில் சாத்தன் என்னும் பெயரைத் தாங்கியோர் பலர். சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், மோசி சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், அழிசி நச்சாத்தனார் ஆகியோரை எடுத்துக்காட்டாகக் கூறலாம். பாடல் பெற்ற தலைவர்களுள்ளும் இப்பெயரினர் உளர். புறநானூற்றின் 178ஆம் பாடல் பாண்டியன் கீரஞ்சாத்தனையும், 242ஆம் பாடல் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனையும், 395ஆம் பாடல் சோணாட்டுப் பிடவூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனையும் பாடுவன.

இப்பெயர்களில் காணப்பெறும் அடைமொழிகள் கருதத்தக்கவை. ஊர், உறுப்பு, தந்தை பெயர், பெருமை குறிக்கும் உரிச்சொல் என ஏதேனும் ஓர் அடை ஏறக்குறைய எல்லாச் சாத்தன்களுக்கும் உண்டு. சாத்தன் என்ற அளவில் கூறினால் எந்தச் சாத்தன் என்னும் வினா எழுந்திருக்கும். பெயரின் மிகுவழக்கே இவ்வடைகளை வேண்டியது எனலாம்.

2.2. பானையோடும் கல்வெட்டும்

எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் உள்ள குசைர் அல்-காதிம் என்னுமிடத்தில் 1978 முதல் 1982 வரை அமெரிக்க ஆய்வாளர்கள் அகழாய்வு நடத்தினர். அங்குக் கிடைத்த பானையோடுகளுள் இரண்டில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் பொறிக்கப்பெற்றிருந்தன. ஒன்று கணன், மற்றொன்று சாதன். தொடக்ககாலத் தமிழ் பிராமியில் மெய்யிரட்டித்தல் எழுத்தில் காட்டப்பெறாமை பெருவழக்கு. ஆதலின், இவற்றைக் கண்ணன், சாத்தன் என்று கொள்வர். கி.பி. முதலிரு நூற்றாண்டுகளைச் சார்ந்த இவ்வோடு, சாத்தன் என்னும் பெயரினன் ஒருவனுடைய கலம் கடல்கடந்து சென்றமையைக் காட்டுகின்றது.

இடைக்காலச் சான்றுகளுள் திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டு முதன்மையானது. கி.பி. 773ஆம் ஆண்டைச் சார்ந்த இக்கல்வெட்டு, பாண்டியனுடைய மகாசாமந்தனாக விளங்கிய கரவந்தபுரத்துச் சாத்தன் கணபதி என்பவன் செய்த திருப்பணியைக் கூறுகின்றது. அவன் மனைவியாகிய நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்தாள் என்பதும் அதனால் அறியப்பெறுகின்றது. உரையாசிரியர்கள் காலத்திற்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்ட ஒரு குடும்பத்தில், கணவன் பக்கம் சாத்தன் என்னும் பெயரும், மனைவியின் பெயராகக் கொற்றி என்பதும் வழங்கியுள்ளன. கொற்றன் என்பதன் பெண்பாலே கொற்றி. உரைகளில் இணைந்து வரும் இரு பெயர்களும் உயிருள்ள மாந்தரிடையே அவ்வாறே வழங்கின என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

2.3. ஊர்ப்பெயர்கள்

ஆட்பெயர் மறைந்த பின்னரும் ஊர்ப்பெயர் அதனைக் காத்து நிற்றல் இயல்பு. சாத்தூர், சாத்தான்குளம், சாத்தனூர் எனப் பல ஊர்கள் தமிழகத்தில் உள்ளன. திருமூலர் வரலாற்றில் இடையன் மூலனின் ஊர் சாத்தனூர். திருநீலநக்க நாயனாரின் ஊர் சாத்தமங்கை. கேரளத்தில் கொல்லத்தை அடுத்த சாத்தன்னூரும், கோழிக்கோட்டை அடுத்த சாத்தமங்கலமும் இவ்வினத்தவை. இவற்றுள் சில ஆட்பெயராலும் சில தெய்வப்பெயராலும் அமைந்திருத்தல் கூடும். எவ்வாறாயினும், பாண்டிநாடு முதல் சேரநாடு வரை இச்சொல் பரவியிருந்தமை இவற்றால் தெளிவாகின்றது.

3. இலக்கணத்தில் சாத்தன்

உரையாசிரியர்கள் சாத்தனை ஆளுமிடங்கள் மூன்று செய்திகளை நமக்கு அறிவிக்கின்றன.

முதலாவது, சாத்தன் என்பது உயர்திணைக்கு மட்டுமே உரிய பெயராகக் கருதப்பெறவில்லை. தொல்காப்பியர் இயற்பெயரை இருதிணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களுள் வைக்கின்றார். ஆண்மை இயற்பெயருக்குச் சாத்தன் என்பதையும், பெண்மை இயற்பெயருக்குச் சாத்தி என்பதையும் உரைகாரர்கள் காட்டுவர். சாத்தன் வந்தான் என்றும் கூறலாம். சாத்தன் வந்தது என்றும் கூறலாம். முன்னையது மனிதன், பின்னையது எருது போன்ற விலங்கு. மனிதருக்கு இடும் பெயரையே வீட்டில் வளர்க்கும் விலங்குக்கும் இட்டழைத்த வாழ்க்கைமுறை இவ்விதியின் பின்னணியில் உள்ளது. சாத்தன், சாத்தி என்னும் ஆண்பால் பெண்பால் இணை, இப்பெயர் தமிழின் சொல்லாக்க முறைக்குள் முழுமையாக நின்றமையையும் காட்டுகின்றது.

இரண்டாவது, மகனைத் தந்தையோடு சார்த்திக் கூறும் முறை. எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் னகர ஈற்று இயற்பெயர்களின் புணர்ச்சி கூறப்பெறுகின்றது. தந்தையின் பெயரும் மகனின் பெயரும் இணையுங்கால் முதற்பெயரின் இறுதி கெட்டு அம் என்னும் சாரியை தோன்றும். கீரன் மகன் சாத்தன் கீரஞ்சாத்தன் ஆவதும், சாத்தன் மகன் கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவதும் இவ்விதியால். பிற்காலக் கல்வெட்டுகளில் இப்புணர்ச்சி நெகிழ்ந்தது. ஆயினும் வரிசைமுறை மாறவில்லை. மேற்குறித்த சாத்தன் கணபதி என்பதில் கணபதி என்பதே மகாசாமந்தனின் பெயர். சாத்தன் அவன் தந்தை. இன்று நாம் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கி முன்னே எழுதும் முறை இம்மரபின் தொடர்ச்சியேயாகும்.

மூன்றாவது, தந்தையை மகனோடு சார்த்திக் கூறும் முறை. இயற்பெயரின்பின் தந்தை என்னும் முறைப்பெயர் வருங்கால் சாத்தந்தை, கொற்றந்தை என்றாகும். ஆதன், பூதன் என்பன ஆந்தை, பூந்தை எனத் திரியும். பிசிராந்தையார், சாத்தந்தையார் என்னும் புலவர் பெயர்கள் இவ்வமைப்பின. கொங்கு வேளாளர் குலப்பெயர்களுள் ஒன்றாகச் சாத்தந்தை என்பது இன்றும் வழங்கி வருகின்றது. தனிப்பெயராக மறைந்த சாத்தன், ஒரு சமூகத்தின் குலப்பெயருள் புணர்ச்சி விதி மாறாமல் உறைந்து நிற்பதாகக் கொள்ளலாம்.

4. சொற்பிறப்பும் பொருளும்

சாத்தன் என்னும் சொல்லின் பிறப்புப் பற்றி மூவகைக் கருத்துகள் நிலவுகின்றன.

4.1. சாத்து என்பது வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் சொல். வடமொழிச் சார்த்த என்பதனோடு தொடர்புடையதாகக் கருதப்பெறுவது. பாலைத்திணைப் பாடல்களில் ஆறலைப்போர் சாத்தினைத் தாக்கும் செய்தி வருகின்றது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெருவணிகன்; மணிமேகலை ஆசிரியரும் கூலவாணிகர். ஆதலின், சாத்தன் என்பதற்கு வணிகன் என்பதே பொருள் என்பர் ஒரு சாரார். இது ஒருபுடையே பொருந்தும். மேலே காட்டிய பெருஞ்சாத்தன்கள் நிலக்கிழார் மக்கள், கீரஞ்சாத்தன் போர்த்தலைவன். தொழில்பற்றி வந்த பெயராயின் இத்துணைப் பரவல் ஏற்பட்டிருத்தல் அரிது.

4.2. சாத்தன் என்பது சாஸ்தா என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் என்பது இரண்டாவது கருத்து. கற்பிப்போன், ஆள்வோன் என்னும் பொருளுடைய அச்சொல் அமரகோசத்தில் புத்தரின் பெயர்களுள் ஒன்றாக வருகின்றது. இதனைக் கொண்டு, சாத்தன் என்பது பௌத்தச் சார்புடைய பெயர் என்று மயிலை சீனி. வேங்கடசாமி வாதிட்டார். தமிழ் மரபிலோ சாத்தன் ஐயனாரின் பெயராகவே பெரிதும் வழங்குகின்றது. சிலப்பதிகாரத்தில் தேவந்தியின் கணவனாக வடிவெடுத்து வாழும் பாசண்டச் சாத்தன் கோயில்கொண்ட தெய்வமே.

4.3. சார் என்னும் வினையடியாகப் பிறந்த சார்த்து, சாத்து என்னும் தமிழ்ச்சொல்லோடு இப்பெயரை இணைப்பது மூன்றாவது கருத்து. ஒலியளவில் இதற்குத் தடையில்லை. ஆயின், அணிவித்தல், சேர்த்தல் என்னும் பொருளிலிருந்து ஆட்பெயர் தோன்றியமையை விளக்கும் இடைப்படி எதுவும் காட்டப்பெறவில்லை.

ஒலியியல் அடிப்படையில் முதலிரு கருத்துகளையும் வேறுபடுத்தல் இயலாது. பாலி மொழியில் சார்த்த, சாஸ்தா என்னும் இரண்டுமே இரட்டித்த மெய்க்குமுன் நெடில் குறுகி முறையே சத்த, சத்தா என நிற்கும். தமிழ் வடிவத்திலோ நெடில் குறுகவில்லை. பாட்டு, காற்று என்பனபோல நெடிலை அடுத்து இரட்டித்த மெய் வருதல் தமிழுக்கு இயல்பாதலின், இரு மூலங்களும் சாத்து என்னும் ஒரே அடியாக முடிதல் கூடும். எனவே முடிவு, ஒலிமாற்றத்தால் அன்றி வழக்காற்றால் செய்யப்பெறுதல் வேண்டும்.

இவ்வகையில் பிடவூர்ச் சான்று உதவுகின்றது. புறநானூறு 395 போற்றும் பெருஞ்சாத்தன் பிடவூர் கிழான் மகன். பெரியபுராணத்தின் இறுதிப் பகுதியில், சேரமான் பெருமாளின் திருக்கயிலாய ஞானவுலாவை நிலவுலகில் வெளிப்படுத்திய மாசாத்தனார் என்னும் தெய்வம் திருப்பிடவூரோடு இணைத்துக் கூறப்பெறுகின்றது. இரு நூல்களுக்குமிடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. பழமையான சாத்தன் வழிபாடு அவ்வூரில் தொடர்ந்தது என்பதற்கு இதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும், ஊர்த்தெய்வத்தின் பெயரை மகனுக்கு இடும் வழக்கம் இங்குச் செயற்பட்டிருத்தல் கூடும் என்று கருத இடமுண்டு. தொழில், குடி என்னும் வேறுபாடின்றி இப்பெயர் பரவியமைக்கும் தெய்வப்பெயர்க் கொள்கையே சிறந்த விளக்கமாகின்றது.

5. வழக்குக் குறைந்தமை

ஆட்பெயர் வழக்கில் பெரும் மாற்றத்தை விளைவித்தது பத்தி இயக்கம். சிவன், திருமால் ஆகியோரின் திருப்பெயர்களும், தலங்களில் எழுந்தருளியுள்ள இறைவனின் பெயர்களும், அடியார் பெயர்களும் மக்கட்பெயர்களாக மிகுந்தன. அரசர்களின் பட்டப்பெயர்களை அதிகாரிகள் பூண்டனர். நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுய் ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவைப் புரட்டுவோர் இப்பெயர்வளத்தைக் கண்கூடாகக் காணலாம். ஆதன், பூதன், சாத்தன், கொற்றன் போன்ற ஈரசைப் பழம்பெயர்கள் இப்புதிய பெயர்களுக்கு முன்னே படிப்படியாகப் பின்வாங்கின.

ஐயனார் வழிபாடு மறையவில்லை. ஆயின், அது ஊரின் நடுவிலுள்ள பெருங்கோயிலை விட்டு ஊர்ப்புறத்து ஏரிக்கரைக்கு உரியதாயிற்று. தெய்வத்தின் இடம் மாறியபொழுது அதன் பெயருக்கு இருந்த சமூக மதிப்பும் மாறியது. மகாசாமந்தனின் தந்தைக்கு இருந்த பெயர், பின்னாளில் நாட்டுப்புறத்தாரின் பெயராக எண்ணப்பெறலாயிற்று.

கேரள வழக்கு இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். தாழேக்காட்டுத் தேவாலயத்தில் உள்ள சேரப்பெருமாள்கள் காலத்துக் கல்வெட்டு, மணிக்கிராமத்தைச் சார்ந்த சாத்தன் வடுகன், இரவி சாத்தன் என்னும் வணிகர் இருவரைக் குறிப்பிடுகின்றது. அரசனால் உரிமைகள் வழங்கப்பெற்ற வணிகரின் பெயராக இது அன்று இருந்தது. பிற்காலத்திலோ இதே பெயர் சாதிப் படிநிலையில் ஒடுக்கப்பட்டோர்க்கு உரியதெனக் கருதப்பெற்றது. பறயி பெற்ற பன்னிரு குலம் என்னும் மரபுக்கதையில் அகவூர் மனையில் பணிசெய்பவனாக வரும் அகவூர்ச் சாத்தனை இங்கு நினைவுகூரலாம். குட்டிச்சாத்தன் என்னும் மாயக் குறுந்தெய்வத்தின் பெயராகவும் இச்சொல் அங்கு நிலைபெற்றது.

6. மீளாமைக்குக் காரணம்

சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலியோரின் பதிப்புகளால் பழந்தமிழ்ப் பெயர்கள் மீண்டும் கற்றோர் கைக்கு வந்தன. சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்தன. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தில் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் ஆயினர். பெற்றோர் பழநூல்களிலிருந்து பெயர் தேடிய இக்காலத்திலும் சாத்தன் தேர்ந்தெடுக்கப்பெறவில்லை. இதற்குக் கூறத்தக்க காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

பொருள் விளங்காமை காரணமாகுமோ எனின், ஆகாது. நக்கீரன் என்பதில் கீரன் என்னும் சொல்லின் பொருள் பலர்க்கும் விளங்குவதன்று; எனினும் அப்பெயர் மீண்டது. வடமொழிச் சார்பு என்னும் ஐயம் காரணமாகுமோ எனின், அதுவும் ஆகாது. கபிலன் என்பது வடமொழியில் முனிவர் ஒருவரின் பெயராகவும் நன்கு அறியப்பெற்றது. அதுவும் தமிழ்ப்பெயராகவே மீண்டது. பௌத்தக் காப்பியத்தின் ஆசிரியர் என்பது தடையாயிற்று எனின், அக்காப்பியத் தலைவியின் பெயர் பரவியமையை விளக்கல் இயலாது. கொற்றன் என்பதும் மீளவில்லையே எனலாம். ஆயின், காப்பியம் ஒன்றன் ஆசிரியர் என்னும் புகழ் கொற்றன் என்னும் பெயருக்கு இல்லை. ஒத்த புகழுடைய பெயர்களோடு ஒப்பிடுவதே முறையாகும்.

எஞ்சும் காரணம் ஒலியொப்புமை. தமிழ் விவிலியத்தில் இறைவனுக்குப் பகைவனாகிய தீய ஆவியின் பெயர் சாத்தான் என்று எழுதப்பெறுகின்றது. எபிரேயத்தில் எதிர்நிற்போன் என்னும் பொருளுடைய சொல் கிரேக்கத்தின் வழியாகப் பல மொழிகளுக்கும் பெயராகவே சென்றது. தமிழில் அதனை ஒலிபெயர்த்தோர் தகர ஒலியை இரட்டித்து எழுத நேர்ந்தது. ஈருயிர்க்கு இடையில் ஒற்றைத் தகரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். வல்லொலி வேண்டுமாயின் இரட்டித்தல் இன்றியமையாதது. சாதான் என்று எழுதின் மூல ஒலி கெடும். சாத்தான் என்று எழுதினால் பழம்பெயரோடு மோதும். தமிழ் ஒலியமைப்புக்கு இயைய நேர்மையாகச் செய்யப்பெற்ற ஒலிபெயர்ப்பே, மொழியில் முன்பே இருந்த ஒரு பெயரை எதிர்பாராமல் இடருக்குள்ளாக்கிற்று.

இரண்டு சொற்களுக்குமிடையே ஈற்றயல் உயிரின் அளவு ஒன்றே வேறுபாடு. அவ்வேறுபாடும் எப்பொழுதும் காக்கப்பெற்றதன்று. சாத்தான்குளம் என்னும் ஊர்ப்பெயர், நெடில் வடிவமும் பழம்பெயரின் உலகவழக்காக இருந்தமையைக் காட்டுகின்றது. இன்று அவ்வூர்ப்பெயரை முதன்முதல் கேட்கும் பிறவூரார் தீய ஆவியை நினைப்பதுண்டு. பழம்பெயரை நினைப்போர் அரியர். சாத்தான் என்னும் சொல் கிறித்தவர் வழக்கினைக் கடந்து பொதுத்தமிழில் வசைச்சொல்லாகவும் பரவிவிட்டமையே இதற்குக் காரணம். தன் மகனை விளையாட்டுத் தோழர் எவ்வாறு கேலிசெய்வர் என்பதை எண்ணாமல் பெயரிடும் பெற்றோர் இல்லை.

ஒலியொப்புமையால் ஒரு சொல் விலக்கப்பெறுதல் மொழியியலார் நன்கு அறிந்த நிகழ்வு. பிரான்சின் தென்மேற்குக் கிளைமொழிகளில் சேவலைக் குறித்த சொல்லும் பூனையைக் குறித்த சொல்லும் ஒலிமாற்றத்தால் ஒன்றாகிவிட, சேவலுக்கு வேறு சொல் வழங்கலாயிற்று என்று சூல் சிலியெரோன் காட்டிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. பொதுச்சொற்களில் மயக்கம் தீர்க்க விலக்கல் நிகழும். ஆட்பெயரிலோ இழிவு தவிர்க்க அது நிகழும்.

இவ்விளக்கத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒலியொப்புமையே தடையாயின், அத்தடை இல்லாத வடிவங்கள் வாழ்தல் வேண்டும். அவை வாழ்கின்றன. நகரத்தாரிடையே சாத்தப்பன் என்னும் பெயரும், சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் சாத்தையா என்னும் பெயரும் தலைமுறை தலைமுறையாக வழங்குகின்றன. அப்பன், ஐயா என்னும் விகுதிகள் தெய்வத்தொடர்பை வெளிப்படுத்துவதோடு, சொல்லைச் சாத்தான் என்பதிலிருந்து விலக்கியும் வைக்கின்றன. அடி ஒன்றே, ஈறு காத்தது. பூதன் என்னும் பழம்பெயரும் மீளாமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பூதம் என்னும் சொல் அதற்குத் தடையாக நிற்கின்றது. அதன் இணையாகிய ஆதன் என்பதற்கு அத்தகைய தடையில்லை. கீழடி அகழாய்வில் ஆதன் என்னும் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்தமை பரவலாக அறியப்பெற்ற பின்னர், அப்பெயரைக் குழந்தைகட்கு இடும் ஆர்வத்தை ஆங்காங்கே காண்கின்றோம்.

மலையாளத்தில் நிலைமை சற்று வேறானது. அங்குச் சகரமும் ஸகரமும் எழுத்தாலும் ஒலியாலும் வேறுபட்டவை. விவிலியச் சொல் ஸகரத்தாலும் பழம்பெயர் சகரத்தாலும் எழுதப்பெறுவதால் மோதல் இல்லை. எனினும் தனிவடிவம் அங்கும் அருகிவிட்டது. குட்டிச்சாத்தன் என்னும் பொருளும் சாதி சார்ந்த இழிவும் அதற்குக் காரணங்களாகலாம். அங்கும் சாத்து, சாத்துண்ணி, சாத்துக்குட்டி என ஈறு மாறிய வடிவங்கள் வாழ்ந்தன. இரு மொழிகளிலும் காரணம் வேறு. பெயர் தப்பிய வழி ஒன்று.

7. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

இப்பெயரின் வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்குச் சில எச்சரிக்கைகளைத் தருகின்றது.

முதலாவது, ஒலிபெயர்ப்பு நடுநிலையானதன்று. சாத்தன் என்பதை ஆங்கில எழுத்தில் எஸ் என்று தொடங்கி எழுதினால் விவிலியத் தீயோனுக்கு அணுக்கமாகின்றது. எஸ்எச் என்று எழுதினால் சாஸ்தா என்னும் மூலத்தை ஒப்புக்கொண்டதாகின்றது. சிஎச் என்று எழுதினால் மலையாள வழக்காகின்றது. ஆய்வுலகம் ஏற்ற சி என்னும் குறியீடு எக்கொள்கையையும் சாராதது. ஆயின் பொதுவாசகர் அதனைக் ககரமாக ஒலிப்பர். ஆலன் தானியேலு 1989இல் வெளியிட்ட மணிமேகலை ஆங்கிலப் பெயர்ப்பின் தலைப்பில் ஆசிரியர் பெயர் எஸ்எச் என்னும் எழுத்துகளால் தொடங்குகின்றது. கூலவாணிகர் என்பது வணிக இளவரசர் என உயர்ந்துவிடுகின்றது. பெயரையும் அடைமொழியையும் ஒருசேரப் பெயர்க்கும்பொழுது மூலத்தின் எளிய கூலக்கடை மறைந்துபோதலை அங்குக் காணலாம்.

இரண்டாவது, பொருளைக் காத்தல், ஒலியைக் காத்தல் என்னும் இரண்டனுள் ஒன்றை இழக்க நேர்தல். 1984இல் வெளிவந்த மை டியர் குட்டிச்சாத்தன் என்னும் மலையாளத் திரைப்படம், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம், இந்தியில் சோட்டா சேத்தன் எனப் பெயர் பெற்றது. ஒலி ஏறக்குறைய நின்றது. மாயத்தெய்வம் மறைந்து, உணர்வுடையோன் என்னும் பொருளுள்ள நற்பெயர் வந்தமைந்தது. தமிழில் அது சுட்டிச் சாத்தான் ஆயிற்று. மலையாளத்தில் இல்லாத மோதல், தமிழுக்கு வந்தவுடன் நெடிலோடு தலைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது.

மூன்றாவது, இலக்கண உரைகளைப் பெயர்ப்போர்க்கு உரியது. சாத்தன் வந்தான் என்பதை வேற்றுமொழியில் அம்மொழியின் பொதுப்பெயரால் பெயர்ப்பதா, சாத்தன் என்றே நிறுத்துவதா என்னும் வினா எழும். பயன் கருதின் முன்னையது தகும். ஆயின், விரவுப்பெயர் பற்றிய விதியில் எருதுக்கும் மனிதனுக்கும் ஒரே பெயர் பொருந்துதல் வேண்டும். தந்தை என்னும் சொல்லோடு புணர்தல் வேண்டும். வேற்றுமொழிப் பெயர் அங்கு உதவாது. விதியின் இயக்கமே பெயரின் வடிவில் தங்கியிருக்குமிடத்தில் சாத்தனை விட்டுவிடல் ஆகாது என்பதே நம் கருத்து.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சாத்தன் என்பது சங்ககாலம் தொட்டு இடைக்காலம் வரை புலவர், கிழார், வணிகர், அதிகாரிகள் ஆகிய பலரிடையேயும் பெருவழக்காக விளங்கிய பெயர். அதன் பரவலுக்குத் தெய்வப்பெயர்க் கொள்கையே ஏற்ற விளக்கமாகின்றது. பத்திநெறிப் பெயர்களின் பெருக்கமும், ஐயனார் வழிபாட்டின் சமூக நிலை மாற்றமும் அதன் வழக்கைக் குறைத்தன. பழம்பெயர்கள் மீண்ட காலத்தில் அது மீளாமைக்குக் காரணம் அவையல்ல. சாத்தான் என்னும் ஒலிபெயர்ப்புச் சொல்லின் பரவலே. ஈறு வேறுபட்ட சாத்தப்பன், சாத்தையா ஆகிய வடிவங்கள் நிலைத்திருத்தல் இதனை உறுதிசெய்கின்றது.

பள்ளி இலக்கண நூல்களில் இன்று கண்ணனும் முருகனும் வருகின்றனர், போகின்றனர். சாத்தனை நீக்கியதில் பிழையில்லை. மாணவர் அறிந்த பெயரே எடுத்துக்காட்டுக்கு உரியது என்னும் உரையாசிரியர் நெறியையே அந்நூல்களும் பின்பற்றுகின்றன. ஆயின், உரைகளைக் கற்பிப்போர் சாத்தன் என்பவன் இலக்கணத்தார் புனைந்த வெற்றுருவன் அல்லன் என்பதை மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். அவன் பெயரால் புலவர் இருந்தனர். அவன் பெயர் பொறித்த கலம் செங்கடற்கரை வரை சென்றது. அவன் பெயரால் ஊர்கள் இன்றும் உள்ளன. ஒரு பெயரின்மீது பிறமொழிச் சொல்லொன்றன் நிழல் படிந்தமையால், அப்பெயருக்குரியோர் வரலாறும் மறைந்துவிடுதல் ஆகாது.